நான்-டீடெயில் புத்தகத்துக்கு ஒரு நியாயம்

எட்டயபுரத்துப் பையன் ஒருவனை ஆங்கிலம் படிக்கத் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். 1894 முதல் 1897 வரை இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்தான். மகன் ஆங்கிலமும் கணக்கும் தேர்ந்து பெரிய ஆளாக வேண்டும் என்பது தந்தை சின்னச்சாமி அய்யரின் ஆசை. பையனுக்கோ அந்த வகுப்புகள் எட்டிக்காயாகக் கசந்தன. பின்னாளில் தன் கதையைக் கவிதையாக எழுதியபோது, அந்தப் படிப்பால் தந்தைக்குப் பணம் செலவானதைத் தவிர வேறு நன்மை விளையவில்லை என்று கொதித்தார் பாரதி.

அதே பாரதிதான் ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியின் மேல் பித்தாகி, 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். அமெரிக்கக் கவிஞர் விட்மனைத் தமிழருக்கு அறிமுகப்படுத்தினார். ஆங்கிலத்திலேயே கட்டுரைகளும் எழுதினார். வகுப்பறையில் கசந்த மொழி கவிதைப் புத்தகத்தில் எப்படி இனித்தது?

தாமிரபரணிக் கரையில் இந்தக் கேள்வியை எழுப்பும் பெயர்கள் இன்னும் உண்டு. பெருங்குளத்தில் 1872-இல் பிறந்த அ. மாதவையா பாளையங்கோட்டையில் பள்ளிப்படிப்பு படித்தார். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். 'பத்மாவதி சரித்திரம்' தந்த அதே கை, 1903-இல் 'தில்லை கோவிந்தன்', 1915-இல் 'கிளாரிந்தா' என்று ஆங்கில நாவல்களையும் எழுதியது. ஆங்கிலத்தில் நாவல் எழுதிய அந்த மனிதர் 1925-இல் சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில், பி.ஏ. படிப்பில் தமிழைக் கட்டாயமாக்க வேண்டும் என்று பேசிய கையோடு உயிர்விட்டார். அவருக்கு இரு மொழிகளும் பகையாகத் தெரியவில்லை.

திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் 1931-இல் பட்டம் பெற்ற புதுமைப்பித்தன் இன்னொருவர். ரஷ்யா, பிரான்ஸ் என்று பல நாட்டுச் சிறுகதைகளை அவர் தமிழுக்குக் கொண்டுவந்தார். அத்தனையும் அவருக்கு வந்து சேர்ந்தது ஆங்கில வழியாகத்தான்.

இவர்கள் மேதைகள், எல்லாப் பிள்ளைகளையும் இவர்களோடு ஒப்பிடுவது நியாயமாகாது. இன்னொன்றும் சொல்லவேண்டும். இவர்களுக்குப் புத்தகம் கையெட்டும் தூரத்தில் இருந்தது. முக்கூடலிலோ மேலப்பாளையத்திலோ பீடி சுற்றும் தாயின் மகளுக்கு அந்த வசதி கிடையாது. அவள் வீட்டில் இருக்கும் ஆங்கிலம் மாத்திரை அட்டையிலும் பிஸ்கட் உறையிலும் அச்சானது மட்டுமே. தெருவில் இறங்கினால் கடைப் பலகை, பஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டிய விளம்பரம். பேச்சில் ஆங்கிலச் சொற்கள் ஏராளமாகப் புரளும். முழு ஆங்கில வாக்கியம் ஒன்றுகூடக் காதில் விழாது. 'தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு' என்று பெயரெடுத்த பாளையங்கோட்டைக்குப் பக்கத்திலேயே இதுதான் நிலை. இந்தப் பிள்ளைக்கு ஆங்கிலம் அந்நிய மொழி. அதை அவள் பெறக்கூடிய ஒரே இடம் பள்ளிக்கூடம்.

அங்கே என்ன நடக்கிறது?

ஆங்கில பீரியடில் ஆசிரியர் ஒரு வாக்கியம் வாசிப்பார். பிள்ளைகள் கோரஸாகத் திருப்பிச் சொல்வார்கள். அவர் தமிழில் அர்த்தம் சொல்வார். கேள்வி-பதில் கரும்பலகைக்கு வரும், நோட்டில் ஏறும், வீட்டில் மனப்பாடமாகும், மறுநாள் ஒப்பிக்கப்படும். பத்து வரிப் பதிலைத் தடங்கலில்லாமல் ஒப்பிக்கும் பையனிடம் அதே பாடத்தின் வேறொரு பத்தியைக் காட்டினால் எழுத்துக்கூட்டத் தொடங்குவான். சில பிள்ளைகள் அழகாக வாசிப்பார்கள். என்ன வாசித்தாய் என்று கேட்டால் விழிப்பார்கள்.

கணக்கெடுப்புகளும் இதையே சொல்கின்றன. கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பை வீடு வீடாகச் சென்று சோதிக்கும் 'அசர்' ஆய்வு 2022-இல் நாடு முழுவதும் ஆங்கிலத்தையும் சோதித்தது. எளிய ஆங்கில வாக்கியங்களை வாசிக்க முடிந்தவர்கள் ஐந்தாம் வகுப்பில் 24.5 சதவீதம், எட்டாம் வகுப்பில் 46.7 சதவீதம். அப்படி வாசித்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிலும் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்குத்தான் அந்த வாக்கியத்தின் பொருள் சொல்லத் தெரிந்தது. எழுத்தை ஒலியாக்குவது ஒன்று, வாசிப்பது வேறொன்று என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஒலியாக்குவதே நம் பிள்ளைகளுக்குப் பெரிய பாடுதான். தமிழில் எழுத்துகள் 247 என்றாலும் பெரும்பாலும் எழுதியபடி வாசித்துவிடலாம். ஆங்கிலத்தில் எழுத்து 26; ஒலிகளோ 44 வரை. ஓ, யூ, ஜி, ஹெச் என்று ஒரே நான்கெழுத்தில் முடியும் சொற்கள் ஓரிடத்தில் 'தோ' என்றும், இன்னோரிடத்தில் 'த்ரூ' என்றும், மற்றோரிடத்தில் 'டஃப்' என்றும் ஒலிக்கின்றன. இதை விதி சொல்லிப் புரியவைக்க முடியாது. அந்தச் சொற்களைப் பல கதைகளில், பல பக்கங்களில் பார்த்துப் பார்த்துக் கண் பழகவேண்டும்.

இலக்கணமும் அப்படியே. தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வரும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்தே வந்துவிடும். 'எ', 'தி' என்ற சொற்கள் ஆங்கிலத்தில் எந்த இடத்தில் வரும், எந்த இடத்தில் வராது என்பதற்குத் தமிழில் இணையே கிடையாது. எம்.ஏ. படித்தவர்கள்கூட அதில் தடுக்கி விழுவார்கள். 'டிஸ்கஸ்' என்ற சொல்லோடு 'எபௌட்' சேர்ப்பது நம் ஊரில் எங்கும் கேட்கும் பிழை. நிறைய வாசித்தவர்களிடம் இந்தப் பிழை குறைவு. அவர்களைக் கேட்டால் விதி சொல்லத் தெரியாது. சேர்த்தால் காதுக்கு இடிக்கிறது என்பார்கள். அந்த இடிப்பைக் கற்றுத்தருவது வாசிப்பு.

எல்லா வாசிப்பும் இந்த வேலையைச் செய்துவிடாது. ஒரு பத்தியை வரிவரியாகப் பிரித்து, அருஞ்சொற்பொருள் எழுதிப் படிப்பது ஆழ்ந்த வாசிப்பு. கதை என்ன ஆகிறது என்ற ஆவலில் பக்கம் பக்கமாகப் புரட்டுவது விரிந்த வாசிப்பு. மொழி கற்பவருக்கு இரண்டும் தேவை. இந்த இரண்டாவதற்கு ஒரு நிபந்தனை உண்டு: புத்தகம் எளிதாக இருக்கவேண்டும். சொற்களைப் பற்றிய ஆய்வுகளால் உலகெங்கும் ஆசிரியர்களிடம் மதிப்புப் பெற்ற நியூசிலாந்து அறிஞர் பால் நேஷன், அகராதியைத் தொடாமல் ரசித்து வாசிக்கப் பக்கத்திலுள்ள சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்கவேண்டும் என்கிறார். ஐம்பது சொல்லுக்கு ஒன்று தெரியாமல் இருக்கலாம். அந்த ஒன்றை மற்ற நாற்பத்தொன்பதும் சேர்ந்து புரியவைத்துவிடும். பத்துக்கு மூன்று தெரியாது என்றால் அது வாசிப்பே இல்லை, புதிர் விடுவிப்பது. நம் பாடப்புத்தகத்தின் பல பக்கங்கள் முக்கூடல் பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கின்றன.

இந்தச் சிக்கலை நூறு ஆண்டுகளுக்கு முன்பே அன்றைய இந்தியாவில் ஒருவர் கண்டுகொண்டார். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வராக இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காளத்துப் பள்ளிகளைச் சுற்றிப் பார்த்து 1926-இல் ஓர் அறிக்கை எழுதினார். ஆங்கிலம் கற்கத் தொடங்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பாதியிலேயே பள்ளியை விட்டுவிடுகிறார்கள். அரைகுறையாய்க் கற்ற பேச்சும் எழுத்தும் அவர்களுக்கு உதவவில்லை. வாசிக்கவாவது கற்றிருந்தால் அந்த அளவுக்கு அது கையில் நிற்கும் என்பது அவர் கண்டது. இதை விளக்க இன்ஷூரன்ஸிலிருந்து ஒரு சொல்லைக் கடன் வாங்கினார்: சரண்டர் மதிப்பு.

எல்.ஐ.சி. பாலிசி எடுத்த எவருக்கும் இது புரியும். முழுக் காலமும் பிரீமியம் கட்ட முடியாமல் நடுவில் நிறுத்தினால் கைக்கு என்ன வரும்? பன்னிரண்டு ஆண்டு ஆங்கிலம் படித்தும் ஒரு பத்தியைத் தானே வாசித்து அறிய முடியாதவனின் சரண்டர் மதிப்பு பூஜ்யம். ஐ.டி.ஐ. முடித்து இயந்திரத்தின் கையேட்டைப் பார்க்கிறவனுக்கும், நர்சிங் படிக்கப் போகும் பெண்ணுக்கும், வளைகுடா வேலைக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் இளைஞனுக்கும் முதலில் தேவைப்படுவது வாசிக்கும் ஆங்கிலம்தான்.

வெஸ்ட் அறிக்கையோடு நிற்கவில்லை. அன்று புழங்கிய வாசிப்பு நூல்களில் அபூர்வச் சொற்கள் மலிந்திருந்ததைப் பார்த்து, அடிக்கடி பயன்படும் சொற்களைக் கொண்டே கதைகளைத் திருத்தி எழுதினார். புதிய சொற்களைப் போதிய இடைவெளி விட்டுப் புகுத்தி, புகுத்திய சொல்லைத் திரும்பத் திரும்ப வரச்செய்தார். 1953-இல் சுமார் 2,000 அடிப்படைச் சொற்களின் பட்டியலையும் வெளியிட்டார். இன்று உலகெங்கும் விற்கும் படிநிலைக் கதைப்புத்தகங்களின் வேர்களில் ஒன்று வங்காளத்து வகுப்பறையில் இருக்கிறது.

புத்தகம் கொடுத்தால் மட்டும் போதுமா என்ற கேள்விக்குப் பதில் பிஜித் தீவிலிருந்து வந்தது. கரும்புத் தோட்டங்களில் நம் பெண்கள் பட்ட பாட்டைப் பாரதி பாடினாரே, அதே பிஜிதான். அங்கே பிள்ளைகள் மூன்றாம் வகுப்பு வரை தாய்மொழியில் படித்து, நான்காம் வகுப்பில் ஆங்கிலத்துக்கு மாறுவார்கள். கிராமப் பள்ளிகளில் கதைப்புத்தகம் என்று பெயருக்குக்கூட இருக்காது. 1980-ஐ ஒட்டி வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற இரு ஆய்வாளர்கள் எட்டுக் கிராமப் பள்ளிகளின் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு 250 ஆங்கிலக் கதைப்புத்தகங்களை அனுப்பினார்கள். படங்கள் நிறைந்த, பிள்ளைகள் விரும்பும் புத்தகங்கள். 'புத்தக வெள்ளம்' என்று அதற்குப் பெயர்.

சில வகுப்புகளில் ஆசிரியர் கதையை எல்லோருக்கும் காட்டி வாசித்தார். பிள்ளைகள் கூடவே வாசித்தார்கள், கதையைப் பற்றிப் பேசினார்கள், நடித்தார்கள். வேறு சில வகுப்புகளில் தினமும் கொஞ்ச நேரம் அவரவர் பிடித்த புத்தகத்தை எடுத்து மௌனமாக வாசித்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, வழக்கமான முறையில் பாடம் நடந்த பள்ளிகளும் இருந்தன. எட்டு மாதம் கழித்துச் சோதித்தபோது, புத்தகம் பெற்ற பிள்ளைகள் வாசிப்பிலும், கேட்டுப் புரிந்துகொள்வதிலும் மற்றவர்களைப்போல இரு மடங்கு வேகத்தில் முன்னேறியிருந்தார்கள். இரண்டாம் ஆண்டில் அந்த முன்னேற்றம் எழுத்து, இலக்கணம் என்று பிற திறன்களுக்கும் பரவியது. இலக்கணத்தைத் தனியாகத் துருவித் துருவி நடத்திய வகுப்புகளை, கதை வாசித்த வகுப்புகள் இலக்கணத்திலும் முந்திவிட்டன.

நம் பக்கத்திலும் இதற்கு ஒத்த ஒரு முயற்சி நடந்தது. 1979 முதல் 1984 வரை மொழிக் கல்வியாளர் என்.எஸ். பிரபு பெங்களூரிலும் தமிழ்நாட்டின் சில பள்ளிகளிலும் ஒரு திட்டம் நடத்தினார். இலக்கண விதிகளை வரிசையாக நடத்துவதை விட்டுவிட்டு, ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, அவற்றை வாசித்துக் கணக்குப்போடச் சொன்னார். எந்த ரயிலில் ஏறினால் எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம் என்று தேடும் பிள்ளையின் கவனம் பொருளில் இருக்கும். மொழி பின்வாசல் வழியாக உள்ளே வரும். திருநெல்வேலி-திருச்செந்தூர் ரயில் நேரத்தை வைத்தே நம் ஆசிரியர் ஒருவர் இந்தப் பாடத்தை நாளைக்கே நடத்திவிடலாம்.

இவ்வளவும் தெரிந்த பிறகு நம் பள்ளிகளின் பழைய ஏற்பாடு ஒன்றை நினைத்தால் மனம் அடித்துக்கொள்கிறது. அதுதான் நான்-டீடெயில்.

ஐம்பது வயதைத் தாண்டிய எவருக்கும் அந்த மெல்லிய தனிப்புத்தகம் நினைவிருக்கும். உரைநடையும் செய்யுளும் டீடெயில், வரிவரியாகப் படிக்கவேண்டியவை. ஏதாவது ஒரு பெரிய நாவலின் சுருக்கமோ சில சிறுகதைகளோ நான்-டீடெயில். வேகமாக, ரசித்து வாசிக்கவேண்டியவை. இன்று பாடநூலுக்குள்ளேயே சப்ளிமெண்டரி என்ற பெயரில் அது இருக்கிறது. ஆழ்ந்த வாசிப்புக்கு ஒன்று, விரிந்த வாசிப்புக்கு ஒன்று என்ற இந்த ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நடைமுறையில் என்ன ஆயிற்று? கதையைப் பிள்ளைகள் வாசிப்பதே இல்லை. ஆசிரியர் கதையைத் தமிழில் சொல்லிவிடுவார். கைடிலிருந்து ஒரு பக்கக் கட்டுரை மனப்பாடமாகும். ஹின்ட்ஸ் டெவலப்மெண்டுக்கு நாலு வரி, வாக்கியங்களை வரிசைப்படுத்தும் கேள்விக்கு ஒரு குறுக்குவழி, அதோடு சரி. அரையாண்டு நெருங்கினால் அந்த பீரியடும் டீடெயிலுக்குப் போய்விடும். பிள்ளைகள் வாசிப்பதற்கென்றே ஒதுக்கிய ஒரே பாடத்தை ஒருவரும் வாசிக்காமல் பாஸாகும் பாடமாக ஆக்கிவைத்திருக்கிறோம்.

ஆசிரியர்களை மட்டும் இதில் குற்றம் சொல்வது தகாது. தேர்வுத் தாள் எதைக் கேட்கிறதோ அதைத்தான் அவர்கள் நடத்துவார்கள். நூறு சதவீதத் தேர்ச்சி என்ற கத்தி அவர்கள் தலைமேல் தொங்குகிறது. வகுப்பில் ஒருபுறம் கதையை விழுங்கும் பிள்ளை, மறுபுறம் எழுத்தே தெரியாத பிள்ளை. ஒரே பாடம் இருவருக்கும் பொருந்தாது. அதனால்தான் ஒரே புத்தகத்தை நாற்பது பேருக்குக் கொடுப்பதைவிட, நாற்பது சின்னப் புத்தகங்களை நடுவில் வைத்து அவரவர் தகுதிக்கு எடுக்கவிடுவது மேல்.

தமிழுக்கு அரசு இதைச் செய்து காட்டியிருக்கிறது. 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சின்னச் சின்னக் கதைப்புத்தகங்களை 'நுழை', 'நட', 'ஓடு', 'பற' என்று நான்கு படிகளில் பிரித்துத் தந்தது. எழுத்துக்கூட்டும் பிள்ளை 'நுழை'யை எடுக்கும். தேறியது 'பற'வைத் தேடும். ஆங்கிலத்துக்கு வேண்டியதும் இதே ஏணிதான். அதன் முதல் படி தமிழிலேயே இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. அச்சில் உள்ளது பேசும் என்பதைத் தாய்மொழியில் உணர்ந்த பிள்ளைதான் அந்நிய மொழிப் பக்கத்திலும் பொருளைத் தேடும். தமிழில் வாசிக்கத் திணறும் பிள்ளையை ஆங்கிலத்துக்குள் தள்ளுவது நீச்சல் தெரியாதவனை ஆற்றுச் சுழலில் இறக்குவதற்குச் சமம்.

புத்தகத்துக்கு எங்கே போவது? 1996-இல் தொடங்கிய சென்னையின் தூலிகா பதிப்பகம் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் படக்கதைகளை வெளியிட்டுவருகிறது. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' இணையதளத்தில் நான்கு நிலைகளில் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, அச்சிட்டுக்கொள்ளவும் தடையில்லை. ஹைடெக் லேப் உள்ள பள்ளிகளில் திரையிலேயே காட்டி வாசிக்கலாம். சுதந்திர இந்தியாவில் பொது நூலகச் சட்டத்தை 1948-இல் முதலில் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. அந்தச் சட்டத்தின் பயனாக வந்த கிளை நூலகங்கள் தாமிரபரணிக் கரையின் சிற்றூர்களிலும் இருக்கின்றன. பாளையங்கோட்டையில் கூடும் புத்தகத் திருவிழாவுக்குப் பள்ளிப் பிள்ளைகளைப் பஸ்ஸில் அழைத்துவருகிறார்கள். வந்த பிள்ளை ஒரு மெல்லிய ஆங்கிலக் கதைப்புத்தகத்தோடு திரும்பினால் அந்தப் பயணம் பலித்ததாகும்.

வாசித்தால் பேச்சு வருமா என்று பெற்றோர் கேட்பார்கள். 'முப்பதே நாளில் ஸ்போக்கன் இங்கிலீஷ்' என்ற போஸ்டர் ஒட்டாத பஸ் நிலையம் இல்லை. பேசப் பழக, பேசத்தான் வேண்டும். வாசிப்பு மட்டும் நாக்கைத் திருப்பாது. ஆனால் பேசுவதற்குச் சொல்லும் வாக்கியமும் உள்ளே இருக்கவேண்டும். சுற்றிலும் ஆங்கிலம் பேசுவோர் இல்லாத ஊரில் அந்தச் சேமிப்பு புத்தகத்திலிருந்தே வரமுடியும். தொட்டி காலியாக இருந்தால் குழாயைத் திருகி என்ன பயன்?

கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 220 வேலைநாள் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். நாளுக்கு இருபது நிமிடம், நிமிடத்துக்கு வெறும் ஐம்பது சொல் என்று நத்தை வேகத்தில் வாசித்தாலும் நாளுக்கு ஆயிரம் சொல். ஆண்டுக்கு 2,20,000. எந்த வகுப்பின் ஆங்கிலப் பாடநூலும் இதன் அருகில் வராது. மூன்று ஆண்டு இப்படி வாசித்த பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்குள் நுழையும்போது ஆறரை லட்சம் சொற்களைக் கடந்து வந்திருக்கும்.

இதற்குப் பெரிய பயிற்சியும் தேவையில்லை. புத்தகத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். ஒரு பக்கத்தை வாசித்து, தெரியாத சொல்லுக்கு ஒரு விரலை மடக்கட்டும். ஐந்து விரலும் மடங்கினால் அதை வைத்துவிட்டு எளிதான வேறொன்றை எடுக்கட்டும். பிடிக்கவில்லை என்றால் பாதியில் மூடிவைக்கவும் உரிமை வேண்டும். கேள்வி-பதில் வேண்டாம், மதிப்பெண் வேண்டாம். அந்த இருபது நிமிடமும் ஆசிரியரும் நாற்காலியில் அமர்ந்து ஒரு புத்தகம் வாசிக்கட்டும். வீட்டுக்குப் போன பிள்ளை, பீடித் தட்டை மடியில் வைத்திருக்கும் அம்மாவிடம் அந்தக் கதையைத் தமிழில் சொல்லட்டும். ஆங்கிலம் தெரியாத தாயும் மகள் படித்தது புரிந்து படித்ததா என்று அதில் கண்டுபிடித்துவிடுவாள்.

தலைமை ஆசிரியர்களுக்கும் கல்வி அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். புதிய திட்டம் எதுவும் அறிவிக்கவேண்டாம். கால அட்டவணையில் ஏற்கெனவே உள்ள சப்ளிமெண்டரி பீரியடில் வாரத்துக்கு ஒன்றையாவது, கைடும் கரும்பலகையும் இல்லாமல், பிள்ளைகள் தாமே வாசிக்க விட்டுவிடுங்கள். வரும் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதே அதைத் தொடங்கலாம்.